தெண்டம் வாங்க வந்த ஜீப்பு

அன்று ஜீப்பில் வந்தவர்கள் நான்கு பேர். ஊர்ப் பெரியதனம் ராசாங்கம் மாமா, முத்தாலம்மன் கோயில் பூசாரி முத்தையா, என் சித்தப்பா பாண்டி, போடியிலிருந்து வாடகைக்கு வந்த டிரைவர். எங்கள் பக்கம் நானும் அம்மாவும். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேச்சியம்மாள். எந்த நிலத்துக்காக இத்தனையும் நடந்ததோ, அந்த நிலத்துக்காரி. கீழே தன் மொச்சைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்திருப்பார். இப்படி ஒரு ஜீப்பு மலை ஏறியதே அவருக்குத் தெரியாது.

இன்னொருவர் அப்பா. நாற்பதடி தூரத்தில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் இருந்தார். வெளியே வரவில்லை.

"தட்டைப் புரட்டிட்டு வர்றேன்னு சொல்லு" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

எங்களை விலக்கி வைத்து ஆறு வருடம் கழித்து ஊரே வாசலுக்கு வந்து நிற்கிறது. இவர் தட்டைப் புரட்டுகிறார். எனக்கு நிற்க முடியவில்லை. வாசலுக்கும் ஸ்டோருக்கும் நாலு தடவை நடந்துவிட்டேன். கையிலிருந்த போன் ஒரு நிமிடம் தமிழ்நாட்டு சிக்னலைப் பிடித்தது, மறு நிமிடம் கேரளாவுக்குத் தாவியது. போடிமெட்டு தாண்டி நாங்கள் இருந்த எஸ்டேட்டில் அது அப்படித்தான். எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது.

தை மாதக் காலை. ஏலச் செடிகளின் தூருக்குள் பனி இன்னும் உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் கீழ்நாட்டு உடுப்பில் வந்திருந்தார்கள். வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. பூசாரி அந்தத் துண்டையும் காதைச் சுற்றிக் கட்டிவிட்டார். ராசாங்கம் மாமாவின் தாடை தந்தியடித்தது.

அம்மா நாலு டம்ளரில் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து மரப்பலகைமேல் வைத்தாள். ஆவி பறந்தது. டிரைவர் மட்டும் எடுத்துக் குடித்தார். மற்ற மூன்று டம்ளர்களும் ஆறின.

டிரைவர் வழியாக ஒரு பேச்சு

ஊர்விலக்கம் என்றால் என்ன என்று, முன்பு நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகி சென்னையிலிருந்து கேட்டு எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அதற்கு மூன்று விதி. விலக்கி வைக்கப்பட்டவன் கையில் தண்ணீர் வாங்கக் கூடாது. அவன் அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கக் கூடாது. அவனோடு முகம் பார்த்துப் பேசக் கூடாது. மீறிப் பேசியவனுக்கும் விலக்கப்பட்டவனுக்கு விதித்த அதே தெண்டம், அதாவது அபராதம். அப்பாவுக்கு விதித்தது இருபத்தையாயிரம் ரூபாய்.

ஊர்ப் பெயரை எழுதாதே என்று அப்பா சொல்லியிருக்கிறார். சிலமலைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூசாரிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மன் உத்தரவைச் சொல்லும்போது அவர் யாரோடும் பேசலாம். மற்ற இருவருக்கும் அது கிடையாது. அதனால் ராசாங்கம் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"டிரைவர் தம்பி, சின்னக்காளை எப்ப வருவான்னு கேளுங்க." சின்னக்காளை என்பது அப்பாவின் பெயர்.

டிரைவர் அம்மாவைப் பார்த்தார். "அவரு எப்ப வருவாருங்கக்கா?"

"வருவாருன்னு சொல்லுங்க தம்பி" என்றாள் அம்மா. "ஆறு வருசம் பொறுத்த ஊரு அரைமணி நேரம் பொறுக்காதாமான்னும் கேளுங்க."

டிரைவர் திரும்பினார். "பெரியவரே, அக்கா என்ன சொல்றாகன்னா..."

"காதுல விழுந்துச்சு" என்றார் மாமா.

பாண்டி சித்தப்பா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. விலக்கி வைத்த நாளிலிருந்து எங்களோடு பேசியதில்லை. போடி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் எதிரே வந்தவர், என்னைக் கண்டதும் ஒரு பழக்கடையில் நுழைந்து வேண்டாத ஆரஞ்சுப் பழம் ஒரு கிலோ வாங்கியதைப் பார்த்தேன். கோபமா, பயமா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"கொழுந்தனாரு கறுத்துப் போயிட்டாரேன்னு சொல்லுங்க தம்பி" என்றாள் அம்மா. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அணைக்காத சூடம்

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

நான் பிளஸ் டூ படித்த வருடம். கோயிலுக்குப் பக்கத்தில் பேச்சியம்மாளுக்கு முக்கால் குறுக்கம் நிலம். புருசன் இறந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. ஊருக்கு அங்கே ஒரு மண்டபம் கட்டவேண்டும். 'அந்த நிலத்தைக் கோயிலுக்குத் தருகிறேன் என்று உன் புருசன் சாகும் முன் வாயால் சொன்னான்' என்றார்கள். பேச்சியம்மாள் இல்லை என்றார். எழுத்து எதுவும் கிடையாது. யாராவது ஒருத்தர் அம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் போதும், ஊர் ஏற்றுக்கொள்ளும்.

அந்த ஒருத்தராக அப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். வருடம் தவறாமல் அக்கினிச்சட்டி எடுப்பவர், பொய் பேசாதவர், அவர் சொன்னால் எடுபடும். மண்டபம் யாருக்கு, அம்மனுக்குத்தானே, ஒரு வார்த்தைதானே என்றார்கள்.

கல்லின் மேல் சூடத்தை ஏற்றி வைத்தார்கள். அப்பா எதிரே உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். அணைக்கவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. சூடம் எரிந்து, சுருங்கி, நீலமாகி, தானாக அணைந்தது. கல்லில் ஒரு கறுப்புப் பொட்டு மிஞ்சியது. அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மனுக்கு நிலம் வரவிடாமல் செய்தவன் என்று அன்றைக்கே கூட்டம் போட்டு விலக்கி வைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் நாங்கள் மலைக்கு வந்தோம். கடையில் உப்பு தரமாட்டார்கள், களத்துமேட்டுக்கு ஆள் வராது என்றால் எத்தனை நாள் இருப்பது? நான் போடியில் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சொந்த ஊர் எது என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன்.

கல் நடாத பக்தி

மலையில் எங்கள் பக்கத்து லயன் குடியிருப்புகளில் எல்லோரும் ஏதாவது ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். அப்பா மட்டும் நடவில்லை. எங்கள் வழக்கப்படி ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து அதன்மேல் நட்டால்தான் சாமி. ஊரே விலக்கி வைத்தபிறகு பிடிமண்ணுக்கு எங்கே போவது?

அதனால் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். அதன்மேல் ஏறி நின்றால், வானம் தெளிந்த நாட்களில் கீழே எங்கள் கண்மாய் ஒரு தகரத்துண்டு மாதிரி பளிச்சென்று தெரியும். அம்மன் இருக்கும் அந்தத் திசைக்குக் கும்பிடுவார். மூட்டமாக இருந்தாலும் கும்பிடுவார்.

"ஒண்ணுமே தெரியலையேப்பா?"

"எனக்குத் தெரியலைன்னா அவளுக்கும் தெரியாதா?"

நான் சும்மா இருக்கவில்லை. ஊர்விலக்கம் சட்டப்படி குற்றம் என்று விடுதி நண்பன் ஒருவன் சொன்னதும் நாலு பக்கத்துக்கு மனு எழுதினேன். என் வாழ்க்கையில் அத்தனை அழகாக நான் எதையும் எழுதியதில்லை. மலைக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"மனு குடுத்தா கலெக்டர் வருவாரு. போலீசு வரும். அவ வருவாளா?"

"அவ வந்து என்னப்பா பண்ணப் போறா?"

"அது அவ சோலி" என்றார். "நீ வெரசா சாப்பிட்டு பஸ்சைப் பிடி."

மனுவை நான் கிழிக்கவில்லை. பெட்டியில் வைத்துக்கொண்டேன். அப்பாவின் அந்தப் பொறுமை எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது. பொய்ச்சத்தியம் செய்யாதவர் பனியில் விறகு தள்ளுகிறார், பொய் கேட்டவர்கள் கீழே சட்டி எடுக்கிறார்கள். இதில் அருள் எங்கே இருக்கிறது என்று பலநாள் விடுதி மொட்டைமாடியில் நடந்துகொண்டே கேட்டிருக்கிறேன்.

வெள்ளைப் பூ

கடைசியில் அப்பா ஸ்டோரை விட்டு வெளியே வந்தார். வீட்டு வாசலுக்கு வரவில்லை. ஸ்டோரின் பின்புறம், அடுப்பு வாய் அருகில் நின்றுகொண்டு, "இங்கன வரச்சொல்லு. தீயை விட்டுட்டு நான் வரமுடியாது" என்றார்.

அந்த அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விறகு வெளியே எரியும். அதன் சூடு குழாய் வழியாக உள்ளே போய்த் தட்டுகளில் பரப்பிய காயை உலர்த்தும். மெதுவாக, ஒரே சீராகச் சூடு போனால்தான் காய் பச்சையாகவே காயும். கொஞ்சம் கூடினால் பச்சை போய் வெளுத்துவிடும், விலையும் போய்விடும். சுவரில் ஒரு வட்ட மீட்டர் இருக்கும். அப்பா இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பார். பேசும்போதும், சாப்பிடும்போதும்.

கீழ்நாட்டு ஆட்களுக்கு அந்த அடுப்பு சொர்க்கமாக இருந்திருக்கவேண்டும். மூவரும் விறகுக் கட்டைகளின் மேல் நெருங்கி உட்கார்ந்து கையைக் காட்டிக் குளிர் காய்ந்தார்கள். அப்பா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசாரியின் எதிரே உட்கார்ந்தார்.

பூசாரி சொல்லத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் திருவிழா சாட்டி அறிவிக்கும் முன் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனியாக இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு பெண் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் உத்தரவு. வெள்ளை வந்தால் இல்லை.

"மூணு வருசத்துக்கு முந்தி வெள்ளை வந்துச்சு அப்பு. மழை இல்ல, அதான்னு விட்டோம். மறுவருசமும் வெள்ளை. போன வருசமும் வெள்ளை. மூணு வருசமா ஊர்ல கொட்டுச் சத்தம் இல்ல. இந்தத் தடவை நான் கேள்வியை மாத்திக் கேட்டேன். தாயி, ஊர்ல ஆள் குறையான்னு. செவப்பு."

பூசாரி கைகளைத் தீயருகே நீட்டித் தேய்த்துக்கொண்டார்.

"ஊரை விட்டுப் போன தலைக்கட்டு ஏழு. ஒவ்வொரு பேரா சொல்லிப் போட்டோம். ஆறு பேருக்கும் வெள்ளை. உம் பேரைச் சொன்னதும் செவப்பு. நம்பாம திரும்பப் போட்டாக. செவப்பு. மறுபடியும் போட்டாக..."

"டிரைவர் தம்பி, அதைப் போடச் சொன்னது நான்தான்னு சொல்லுங்க" என்றார் ராசாங்கம் மாமா.

"மறுபடியும் செவப்பு" என்று முடித்தார் பூசாரி. "அவ உன்னைக் கூப்புடுறா சின்னக்காளை."

அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. கன்னத்தில் நீர் இறங்கியது. ஆறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊரைவிட்டு வந்த நாளில்கூட.

நான் கணக்குப் பாடம் படித்தவன். மூன்று முறை தொடர்ந்து வெள்ளை வருவது எட்டில் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான் என்று பிறகொரு நாள் அப்பாவிடம் சொன்னேன்.

"சரி, அந்த ஒரு தடவை ஏன் எங்க ஊருக்கு வந்துச்சு?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன்

அழைப்பு வந்துவிட்டது. ஆனால் மாமா தொண்டையைச் செருமினார்.

"டிரைவர் தம்பி, கூப்புட வந்தோம், சரி. ஆனா ஊர்க்கட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல. தெண்டத்தைக் கட்டிட்டு சபையில விழுந்து கும்பிட்டா எல்லாம் முடிஞ்சுபோகும்னு சொல்லுங்க."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கட்டினா நான் செஞ்சது தப்புன்னு ஆயிரும் மாமா."

"கட்டாம உள்ள விட்டா நாளைக்கு எவன் ஊருக்கு அடங்குவான்னு கேளுங்க தம்பி."

"அவ தெண்டத்தோட கூப்புட்டாளா, தெண்டம் இல்லாம கூப்புட்டாளா? பூசாரியண்ணே, அதைக் கேட்டீகளா?"

பூசாரி தலையைச் சொறிந்தார். அதைக் கேட்கவில்லை.

இங்கேதான் நான் உள்ளே புகுந்தேன். ஆறு வருட ஆத்திரமும் நாலு பக்க மனுவும் தொண்டையில் இருந்தன. சட்டம், உரிமை, வழக்கு, தண்டனை என்று கல்லூரி மேடையில் பேசுவதுபோல் பேசினேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டுக்கொண்டே, வெளியே துருத்திக்கொண்டிருந்த விறகைக் காலால் உள்ளே தள்ளினார். சித்தப்பாவும் ஒரு கட்டையைத் தள்ளினார். எங்கள் ஊரில் அது பழக்கம். யார் வீட்டு அடுப்பாக இருந்தாலும், பேச்சு நடக்கும்போது வெளியே நீண்ட விறகை உள்ளே தள்ளிவிடுவார்கள். அது ஒரு மரியாதை மாதிரி.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவர்கள் தள்ளியதை நான் பார்த்தேன். மீட்டரின் முள் ஏறியதையும் பார்த்தேன். அப்பா எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தீயை மறந்திருந்தார். இந்த வாக்கியத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். வாக்கியம் நீண்டது. அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது.

முதலில் வாடைதான் வந்தது. வெல்லம் அடிப்பிடித்த மாதிரி. பிறகு ஸ்டோரின் கூரை இடுக்கிலிருந்து மெல்லிய புகை.

ராசாங்கம் மாமா துள்ளி எழுந்தார்.

"ஏலே சின்னக்காளை! புகையுதுடா! ஓடு, ஓடு!"

அப்பா ஓடினார். நான் அடுப்பு வாயிலிருந்து விறகை இழுத்துப் போட்டேன். அம்மா குடத்தோடு ஓடிவந்தாள். "அண்ணே, கதவைத் தொறந்து விடுண்ணே!" என்று கத்திக்கொண்டு சித்தப்பா ஸ்டோருக்குள் பாய்ந்தார். பூசாரி குளிரை மறந்து துண்டை அவிழ்த்து விசிறினார். தீ எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் தட்டுகளை வெளியே எடுத்தபோது பாதிக் காய் பழுத்த மஞ்சளாக வெளுத்திருந்தது. அப்பா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டிலேயே போட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அப்போது டிரைவர் சிரிக்கத் தொடங்கினார்.

"பெரியவரே, நீங்க நேரா பேசிட்டீங்களே! இனிமே நான் எதுக்கு?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானும் பேசிட்டேன்" என்றார் சித்தப்பா. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அண்ணே, நானும் பேசிட்டேண்ணே."

அப்பா கையைத் தன் கைலியில் துடைத்துக்கொண்டார். "அப்ப நீங்களும் வெளிய, நானும் வெளிய. வாங்க மாமா, ஆறிப்போன சாயாவைக் குடிங்க."

அம்மா புதிதாகப் போட்டுத் தந்தாள். மாமா டம்ளரை வாங்கி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார்.

பூசாரி சொன்ன தீர்ப்பு

எஸ்டேட் சூப்பர்வைசர் சேட்டன் செய்தி கேட்டு வந்தார். தட்டுகளைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மேலே முதலாளி இருக்கிறார். "இது சம்பளத்துல பிடிக்கும் சின்னக்காளை. ஞான் எந்து செய்யான்?" என்றார்.

"என் தீ. நான் கட்டுறேன்" என்றார் அப்பா.

கட்டினால் ஒரு வருடம் பாதிச் சம்பளம்தான். நான் மீட்டரைப் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதற்குள் பூசாரி முத்தையா முன்னால் வந்து நின்றார்.

"வெறகைத் தள்ளுனது யாரு?"

மாமா தன் காலைப் பார்த்தார்.

"விலக்குனவன்கிட்ட பேசுனா அதே தெண்டம். இது யாரு போட்ட விதி மாமா? நீங்க போட்டது. அம்மன் உண்டியல்ல போட வேண்டிய காசு. அவ ஆளு காயை நாம கருக்கிட்டோம். அந்தக் காசை இங்கனயே கட்டிருங்க. ஒரு விலக்குக்கு ஒரு தெண்டம் வந்துருச்சு. அதோட இது தீந்துபோச்சு. சபையில எவனாச்சும் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க."

"சபையில விழுறது?" என்றார் மாமா, குரல் இறங்கி.

"அவன் அவ முன்னாடி விழுவான். உங்க முன்னாடி எதுக்கு?"

மாமா ஒரு வெளுத்த காயை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தார்.

அப்பா அன்றே இறங்கவில்லை, இறங்கவும் மாட்டார். மிச்சமிருந்த லோடை உலர்த்தி முடித்து, பங்குனியில் இறங்கினார். பூக்கட்டிப் பார்த்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பொதியைப் பிரித்த குழந்தையின் உள்ளங்கையில் சிவப்பு இருந்தது. அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், வெகுநேரம் எழவில்லை. என்னால் விழ முடியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அந்த அடுப்பில் விறகைத் தள்ளியது அவளா, மாமாவின் காலா, இல்லை வாயை மூடத் தெரியாத என் படிப்பா என்பது இன்றைக்கும் எனக்குள் ஓயவில்லை. அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அன்று மலையில் ராசாங்கம் மாமா, காயின் நட்டத்துக்கென்று சேட்டனிடம் இருபத்தையாயிரம் எண்ணி வைத்தார். சித்தப்பா, சட்டைப்பையில் இருந்ததையும் போனில் அனுப்பியதையும் சேர்த்து ஆறாயிரம். பூசாரி ஐநூறு. ஜீப்பு வாடகை, காத்திருந்ததற்கும் சேர்த்து மூவாயிரம். தெண்டம் வாங்க மலை ஏறியவர்கள் கொடுத்துவிட்டு இறங்கியது, மொத்தம் முப்பத்து நாலாயிரத்து ஐநூறு ரூபாய்.